செங்கோட்டையின் மருமகள், கொடுமுடியின் குரல்

1920-களின் கடைசி ஆண்டுகளில் கொடுமுடியிலிருந்து செங்கோட்டைக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. எழுதியவர் இருபது வயதைத் தொட்டிருந்த ஒரு நாடக நடிகை. வாங்கிப் படித்தவர் அவரைவிட இரண்டு வயது மூத்த ஒரு நாடக நடிகர். இருவர் பெயரையும் ஒரே நோட்டீசில் அச்சடித்து ஒட்டினால் போதும், தமிழ்நாடானாலும் இலங்கையானாலும் கொட்டகை நிரம்பிவிடும். அந்தக் கடிதங்களிலோ கொட்டகையின் ஆரவாரம் இல்லை. கோபம் இருந்தது, கெஞ்சல் இருந்தது, பதில் வராத நாட்களின் கனம் இருந்தது. பின்னாளில் அவை அச்சிலும் வந்தன. கே.பி.சுந்தராம்பாளை ஔவையாராக மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் அவற்றைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருப்பார்கள்.

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தது தென்காசிப் பக்கத்து டூரிங் கொட்டகை ஒன்றின் மணல் தரையில், எங்கள் ஆச்சியின் மடியில் சாய்ந்துகொண்டு. திரையில் கையில் கோலோடு ஒரு கிழவி நடந்து வந்தார். வாயைத் திறந்து பாடியதும் கொட்டகையில் அழுதுகொண்டிருந்த கைக்குழந்தை ஒன்றுகூட அமைதியாகிவிட்டது. ஆச்சி என் காதோரம் குனிந்து, “இந்தம்மா யாரு தெரியுமாடே? நம்ம செங்கோட்டைக் கிட்டப்பா பெஞ்சாதி. நம்ம ஊரு மருமவ” என்றாள்.

எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பேச்சு அப்படித்தான் போகும். கிட்டப்பா என்று ஆரம்பித்தால் அடுத்த வாக்கியத்தில் சுந்தராம்பாள் வந்துவிடுவார். சுந்தராம்பாள் என்று ஆரம்பித்தாலும் அடுத்த வாக்கியத்தில் கிட்டப்பாதான், அதற்கடுத்து வெள்ளைப் புடவை. அத்தோடு கதை முடிந்துவிடும். கிட்டப்பா மறைந்தபோது அந்த அம்மாளுக்கு வயது 25. அதற்குப் பிறகு 47 ஆண்டுகள் வாழ்ந்தார், பாடினார், நடித்தார். அந்த 47 ஆண்டுகளை ஒரு புடவையின் நிறத்துக்குள் மடித்து வைத்துவிட்டோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

பசியைப் பாடிய பிள்ளை

1908-ல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர் சுந்தராம்பாள். கே.பி. என்ற முதலெழுத்துகளில் கே என்பது கொடுமுடி, பி என்பது பாலாம்பாள். தாயின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் கடைசிவரை வைத்துக்கொண்டார். தகப்பனார் இல்லாத வீடு. கனகசபாபதி என்றொரு தம்பி, சுப்பம்மாள் என்றொரு தங்கை. மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாய் ஆற்றில் இறங்கத் துணிந்த நாளும் உண்டு என்று சொல்லப்படும் அளவுக்கு வறுமை. அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே சொத்து குரல்.

அந்தக் குரலை முதலில் கண்டுகொண்டவர் யார் என்பதில் இரண்டு மூன்று கதைகள் உண்டு. ரயிலில் பாடிக் காசு கேட்ட சிறுமியைக் கேட்டு நின்றவர் என்று ரயில்வே அதிகாரியும் நாடகக் காதலருமான எஃப்.ஜி.நடேச ஐயரைச் சொல்வார்கள். கரூரில் பாடக் கேட்ட ஒரு போலீஸ் அதிகாரி என்றும் சொல்வார்கள். எந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு போனாலும் அது வந்து நிற்கும் இடம் வேலு நாயர் நாடகக் கம்பெனியின் வாசல்தான்.

அங்கே கிடைத்த முதல் பெயர் ‘நல்லதங்காள்’ நாடகத்தில். பஞ்சத்தில் அடிபட்டுத் தாய்மாமன் வீடு தேடிப் போகும் நல்லதங்காளின் பிள்ளைகளில் ஒருவனாக, ஆண் வேஷத்தில், பசிக்கிறது என்று பாடும் கட்டம். கொட்டகை அழுதது என்று எழுதியிருக்கிறார்கள். நான் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வது ஒன்றுதான். மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வரவேண்டிய பாட்டு அது. இந்தப் பிள்ளைக்கு அதன் பொருள் வீட்டிலிருந்தே தெரியும்.

இங்கிலாந்து நாடக மேடையின் பெரும்பெயர் எலன் டெர்ரி. அவரும் 1856-ல் லண்டன் பிரின்சஸ் தியேட்டரில் மேடையேறியது ஷேக்ஸ்பியர் நாடகத்தின் சிறுவன் வேஷத்தில்தான், ஒன்பது வயதில். ஆனால் எலன் டெர்ரி நாடகக் குடும்பத்துப் பிள்ளை. தாயும் தகப்பனும் நடிகர்கள், வீடே பயிற்சிக்கூடம். 1925-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ‘டேம்’ பட்டம் கொடுத்தது. அதே காலத்தில் இங்கே நாடகக்காரிக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு. ‘கூத்தாடி’ என்ற சொல்லைத் திட்டுவதற்கு வைத்திருந்த சமூகம் இது.

மலையடிவாரத்துப் பையன்

செங்கோட்டை அன்று சென்னை மாகாணத்தில் இல்லை, திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஊர் எல்லையில் நிற்கும் அந்தக் கோட்டை வாசல் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் பார்க்கலாம். புனலூர் பஸ்ஸில் போகிறவர்கள் அடுத்த முறை தலையை வெளியே நீட்டாமல் ஜன்னல் வழியாகவே அண்ணாந்து பாருங்கள். 1904-ல் மலையைக் குடைந்து வந்த ரயில் பாதை இந்த ஊரைக் கொல்லத்தோடு இணைத்தது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1906 ஆகஸ்டில், கங்காதர ஐயர் வீட்டில் ராமகிருஷ்ணன் என்று ஒரு பிள்ளை பிறந்தான். வீட்டில் கூப்பிட்ட பெயர் கிட்டப்பா.

இந்த ஊருக்குப் பாட்டு புதிதில்லை. முந்நூறு ஆண்டுக்கு முந்தியவர் என்று கணக்குச் சொல்லப்படும் ஆவுடையக்காள் இந்த ஊர்க்காரி. சிறு வயதிலேயே கணவனை இழந்து, ஊரின் ஏச்சுக்கு நடுவில் அத்வைதத்தைத் தமிழ்ப் பாட்டாகப் பாடியவர். அவர் பாடல்களை ஏடும் அச்சும் காப்பாற்றியதைவிட, அடுக்களையிலும் திண்ணையிலும் பாடிவந்த பெண்களின் தொண்டைதான் அதிகம் காப்பாற்றியது. செங்கோட்டைக்கும் கணவனை இழந்து பாடிய பெண்ணுக்கும் உள்ள தொடர்பு சுந்தராம்பாளிடம் தொடங்கியதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கங்காதர ஐயர் வீட்டிலும் வறுமைதான். அண்ணன்மாரோடு சிறு வயதிலேயே நாடகத்துக்குப் போனான் பையன். ஐந்தாறு வயதில் மேடையேறியவன், சங்கரதாஸ் சுவாமிகளின் கம்பெனியில் பழகி, பிறகு கன்னையா கம்பெனிக்குப் போனான். சி.கன்னையாவின் ஸ்ரீகிருஷ்ண விநோத சபா என்றால் பட்டுத் திரையும், படாடோபமான காட்சியமைப்பும். அங்கே ‘தசாவதாரம்’ நாடகத்தில் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்க ஜனங்கள் அலைமோதினார்கள். பள்ளிக்கூடம் போய்ப் படித்த படிப்பு இல்லை, குருகுலத்தில் உட்கார்ந்து கற்ற சங்கீதமும் இல்லை. பெரிய வித்வான்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கேட்ட சங்கீதம் அது.

கொழும்பில் ஒரு ராத்திரி

1914-லிருந்தே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ரயிலோடு சேர்ந்த கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் நாடகக்காரர்களுக்குக் கொழும்பு என்பது மதுரைக்கு அடுத்த ஊர் மாதிரி. அங்கே சுந்தராம்பாளுக்கு நல்ல பெயர். 1926-ல் கிட்டப்பாவும் அங்கே வந்து சேர்ந்தார். இருவரையும் ஒரே மேடையில் ஏற்ற ஏற்பாடு நடந்தது. அந்தப் பிள்ளை பாட ஆரம்பித்தால் உன் குரல் எடுபடாது, ஒதுங்கிக்கொள் என்று சுந்தராம்பாளைப் பயமுறுத்தியவர்கள் உண்டு. அவர் ஒதுங்கவில்லை. நாடகம் ‘வள்ளி திருமணம்’.

இதன் அருமை தெரியவேண்டுமானால் ஸ்பெஷல் நாடகம் எப்படி நடந்தது என்று தெரியவேண்டும். கம்பெனி நாடகத்தில் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்து ஒத்திகை பார்த்து நடிப்பார்கள். ஸ்பெஷலில் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், பபூன் மூன்றாவது ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம், அவ்வளவுதான் பொதுச்சொத்து. ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் சுருதி கூட்டும். அப்புறம் விடியும்வரை மேடைதான் களம். எதிராளி எந்த ராகத்தில் எடுப்பார், எந்த இடத்தில் மடக்குவார் என்று முன்கூட்டித் தெரியாது. வள்ளி தினைப்புனத்தில் கவண் சுற்றிப் பறவை விரட்டிக்கொண்டிருப்பாள், முருகன் வேடனாக வந்து பேச்சுக் கொடுப்பான். அங்கே தொடங்கும் ‘தர்க்கம்’. பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல். யார் மடங்கினார்கள் என்பதைக் கொட்டகை தீர்மானிக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆர்மோனியத்துக்கு ஒரே சுருதிதான். ஆண்கள் பாடுவது ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு கட்டை. பெண்களுக்கு ஐந்து கட்டை வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும்போது யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். வழக்கமாக விட்டுக்கொடுப்பது பெண்தான். தனக்குப் பொருந்தாத கீழ்ச் சுருதியில் குரலை அமுக்கிக்கொண்டு பாடி, எடுபடாமல் போவாள். கிட்டப்பாவோ நாலு கட்டைக்கு மேலே நின்று பாடியவர். ஆணில் அப்படியொரு சாரீரம் அபூர்வத்திலும் அபூர்வம். அதாவது, சுந்தராம்பாள் கீழே இறங்கிவராமல் தன் உயரத்திலேயே நின்று பாடுவதற்கு ஏற்ற முதல் ராஜபார்ட் அவருக்குக் கிடைத்தார். கிட்டப்பாவுக்கும் அப்படித்தான். தான் மேலே போகும்போது கூடவே மேலே வரும் ஒரு வள்ளி.

மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் பெஞ்சுக்கும் பின்னால் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் சொல்லாகக் கேட்கவேண்டும். ஒருவர் சங்கதி போட, மற்றவர் அதற்கு மேலே ஒன்று போட, கொழும்புக் கொட்டகை ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தித் தீர்த்தது. அதற்குப் பிறகு அந்த ஜோடியைப் பிரித்துப் பார்க்க ஜனங்களுக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கும் வரவில்லை.

1927-ல் மாயவரம் கோயிலில் திருமணம். கிட்டப்பாவுக்கு ஊரில் ஏற்கெனவே மனைவி இருந்தார். சாதியும் வேறு. அன்றைய செங்கோட்டை அக்ரஹாரம் இதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. இரண்டு குடும்பங்களிலும் உறவினர் பேச்சு, பணப் பேச்சு, இடையில் புகுந்த கோள். ஒரு குழந்தை பிறந்து சில நாட்களிலேயே இறந்துபோனது. மேடையில் ஒருவரையொருவர் மிஞ்சிய அதே இரண்டு பேருக்கு வீட்டில் ஒருவரையொருவர் தாங்கத் தெரியவில்லை. கிட்டப்பாவைக் குடிப்பழக்கமும் பிடித்துக்கொண்டது. சுந்தராம்பாள் கொடுமுடிக்குப் போய்விட்டார். அந்தக் கடிதங்கள் இந்தக் காலத்தவை.

கிட்டப்பாவைத் தெய்வமாகவும் சுந்தராம்பாளைப் பக்தையாகவும் காட்டும் எழுத்து நிறைய வந்துவிட்டது. கடிதங்கள் காட்டும் பெண் அப்படிப்பட்டவர் அல்ல. அன்பு இருக்கிறது, ஆனால் தன்னை அவமதித்ததை அவமதிப்பு என்றே சொல்லும் நிமிர்வும் இருக்கிறது. சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்ணின் நிமிர்வு அது.

1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா காலமானார். 27 வயது முடிந்து 28 நடந்துகொண்டிருந்தது. தமிழ்ப் பேசும்படம் வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஒரு படத்தில்கூட அவர் நடிக்கவில்லை. அந்தச் சாரீரத்தில் நமக்கு மிஞ்சியது, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துச் சொச்சம் ஓடும் இசைத்தட்டுகள் மட்டும்.

நந்தன் வேஷத்தில்

சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தினார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் ருத்திராட்சம். இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். ‘காதலுக்காகக் கலையைத் துறந்தவர்’ என்றுகூடச் சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அவர் கலையைத் துறக்கவில்லை. அஞ்ஞாதவாசம் மாதிரிக் கொஞ்ச நாள் கொடுமுடியில் அடைந்து கிடந்தார், உண்மைதான். காங்கிரஸ் தலைவரும் நாடக ரசிகரும் தானே மேடையேறி நடித்தவருமான சத்தியமூர்த்தி போன்றவர்கள் வற்புறுத்தினார்கள். திரும்பி வந்தார். வந்தது நந்தனாராக.

1935-ல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நடிக்க ஹசன்தாஸ் என்ற வடநாட்டு முதலாளி வந்து கேட்டபோது, ஆளைத் திருப்பி அனுப்புவதற்காகவே லட்ச ரூபாய் கேட்டார் என்றும், அவர் மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டார் என்றும் சொல்வார்கள். பவுன் முப்பது ரூபாய்க்குள் விற்ற காலம். இந்தியாவில் அதுவரை எந்த நடிகரும் அப்படியொரு தொகை வாங்கியதில்லை என்பதுதான் சினிமா வரலாறு எழுதியவர்களின் பொதுக் கருத்து.

தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேஷம். நந்தனார் ஆண். தாழ்த்தப்பட்ட சேரியைச் சேர்ந்த பண்ணையாள். சிதம்பரம் போக வேதியரிடம் உத்தரவு கேட்டுக் கேட்டுத் தேய்ந்தவர். கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிவைத்த கதையின் முடிவில் அந்த வேதியரே நந்தன் காலில் விழுகிறார். படத்தில் வேதியராக நடித்தவர் கர்நாடக சங்கீதத்தின் பெரிய வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். எதிரே நந்தனாக நின்றவர் கொடுமுடிப் பெண். சேரியையும் அக்ரஹாரத்தையும், ஆணையும் பெண்ணையும், கச்சேரி மேடையையும் நாடகக் கொட்டகையையும் ஒரே காட்சிக்குள் கொண்டுவந்து நிறுத்திய வேஷம் அது. 1899-ல் பாரிஸில் சாரா பெர்ன்ஹார்ட் ஹாம்லெட் வேஷம் போட்டதை உலக நாடக வரலாறு இன்றும் எழுதுகிறது. மராத்தி மேடையில் பெண் வேஷம் போட்ட பால கந்தர்வரைப் பற்றிப் புத்தகமும் படமும் வந்திருக்கின்றன. நம் சுந்தராம்பாள் நந்தனானதை நாம் ‘லட்ச ரூபாய்’ என்ற ஒரு துணுக்காகச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

படத்தை எல்லோரும் புகழ்ந்துவிடவில்லை. ‘ஆனந்த விகடன்’ ஆசிரியராக இருந்த கல்கி கடுமையாகவே எழுதினார். அதே விகடனின் அதிபர் எஸ்.எஸ்.வாசன்தான் பதினெட்டு ஆண்டு கழித்து, ஜெமினியின் பெரும்படமான ‘ஔவையார்’ முழுவதையும் இந்த அம்மாளின் தோளில் தூக்கி வைத்தார்.

நடுவில் 1940-ல் ‘மணிமேகலை’. நடுவில் அரசியலும். பாட்டுப் பாடிக் காங்கிரசுக்குக் கூட்டம் சேர்த்தார், தேசியப் பாடல்களை இசைத்தட்டில் பாடினார். காந்தி கொடுமுடி வீட்டுக்கு வந்து சாப்பிட்டபோது தங்கத்தட்டில் பரிமாறியதும், சாப்பாடு மட்டும்தானா தட்டும் உண்டா என்று அவர் கேட்க அதையும் கொடுத்துவிட்டதும் பலமுறை சொல்லப்பட்ட கதை. 1951-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். சினிமாவிலிருந்து சட்டமன்றம் போனவர்களின் நீண்ட வரிசையைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. அந்த வரிசையின் தலையில் நிற்பவர் இந்தப் பெண்மணி.

கோலூன்றிய கதாநாயகி

1953-ல் ‘ஔவையார்’ வந்தது. இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. கதாநாயகன் கிடையாது. காதல் காட்சிக்கு நாயகி கிடையாது. ஒரு கிழவி ஊர் ஊராக நடந்து பாடுகிறாள், ராஜாக்களைத் திருத்துகிறாள், யானைப் படையைத் துணைக்கு அழைக்கிறாள். அதைப் பார்க்கக் கிராமம் கிராமமாக வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 45. இன்றைக்கு 45 வயது நடிகையை நம்பி, அவரைத் தவிர வேறு நட்சத்திரம் தேவையில்லை என்று ஒரு முதலாளி பெரும்பணம் போடுவாரா என்று யோசித்துப் பார்த்தால், அந்தக் காலம் நமக்குப் பின்னால் இருக்கிறதா முன்னால் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடுகிறது.

அந்தப் படத்தில் அவர் நடையைக் கவனித்திருக்கிறீர்களா? முதுமையை நடிக்கும் பலரும் கூனிக்குறுகி, குரலை நடுங்கவிட்டு, இருமிக் காட்டுவார்கள். சுந்தராம்பாளின் ஔவை அப்படியில்லை. முதுகு நிமிர்ந்துதான் இருக்கும். கோல் ஊன்றுவதற்குப் பாதி, சுட்டிக்காட்டுவதற்குப் பாதி. வசனத்தை ஒவ்வொரு சொல்லாக, கடைசி எழுத்துவரை விழுங்காமல் சொல்வார். கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்கவேண்டும் என்ற பழைய கொட்டகைப் பயிற்சி அது. பாடும்போது மேல் ஸ்தாயியில் நின்றுவிட்டு, மூச்சை விடாமல், அங்கிருந்து ஒரு சொல்லை எடுத்து வீசுவார். ‘வள்ளி திருமண’த் தர்க்கத்தில் கற்றது, ஔவையின் அறிவுரையில் வந்து சேர்ந்துவிட்டது.

அதன் பிறகு பத்தாண்டு இடைவெளி விட்டு 1964-ல் மு.கருணாநிதியின் கதை வசனத்தில் ‘பூம்புகார்’. கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வரும் கவுந்தி அடிகள். 1965-ல் ஏ.பி.நாகராஜனின் ‘திருவிளையாடல்’. கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன முருகனிடம் பாடும் ஔவை. படம் முழுக்க சிவாஜி கணேசன் இருந்தும், அந்த முதல் கட்டம் அந்த அம்மாளுக்கே சொந்தம். பிறகு ‘மகாகவி காளிதாஸ்’, ‘கந்தன் கருணை’, 1973-ல் ‘காரைக்கால் அம்மையார்’. மொத்தமே பத்துப் பன்னிரண்டு படங்கள்தான் நடித்திருப்பார். 1966-ல் தமிழ் இசைச் சங்கம் ‘இசைப் பேரறிஞர்’ பட்டம் கொடுத்தது. 1970-ல் பத்மஸ்ரீ. 1969-ல் சாண்டோ சின்னப்பா தேவரின் ‘துணைவன்’ படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. அந்த விருதை முதலில் வாங்கியவர் பி.சுசீலா, இரண்டாவதாக வாங்கியவர் சுந்தராம்பாள். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, மைக் முன்னால் நின்று, தன்னைவிட ஒரு தலைமுறை இளையவர்கள் ஆண்ட துறையில் வாங்கிய விருது.

இந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நந்தன், மணிமேகலை, ஔவை, கவுந்தி, காரைக்கால் அம்மையார். பண்ணையாள், துறவி, கவிஞர், சமணத் துறவி, பேயுருக் கேட்டு வாங்கிய பக்தை. ஒருவரும் யாருக்கும் ஜோடி இல்லை. ஒருவரும் ஒரு ஆணின் மனைவி என்பதற்காகக் கதையில் இடம்பெற்றவர் இல்லை. ஆண் நடிகரோடு ஜோடி சேர்வதில்லை என்ற முடிவு துக்கத்தில் பிறந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதைப் பார்க்கவேண்டாமா? நடிகை என்றால் நாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவள் என்ற சினிமாவில், நாற்பது ஆண்டு யார் பக்கத்திலும் நிற்காமல் நடுவில் நின்றார். தமிழ்நாட்டில் வேறு எந்த நடிகைக்கும் அது வாய்க்கவில்லை. அவருக்கும் வாய்த்ததல்ல, அவர் உண்டாக்கிக்கொண்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் வெள்ளைப் புடவையை நம் ஊர் கொண்டாடிய விதத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. கணவனை இழந்த பெண் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எத்தனை வீடுகளில் அவரைக் காட்டிப் பெண்பிள்ளைகளை அடக்கியிருப்பார்கள்! அவரோ அந்த உடையோடு சட்ட மேலவைக்குப் போனார், ஸ்டூடியோவுக்குப் போனார், வேலையில் தன் மதிப்புக்குரிய சம்பளத்தைக் கேட்டு வாங்கினார், பொதுமேடையில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் பாடினார். கைம்பெண் முகத்தில் விழித்தால் காரியம் கெடும் என்று நம்பிய ஊர்களில், அவர் வந்து பாடினால்தான் கோயில் விழாவே களைகட்டியது. அடக்கத்தின் உதாரணமாக அவரைக் காட்டியவர்கள் இந்தப் பாதியைச் சொல்லவே இல்லை.

ஆச்சி போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. கடைசி நாட்களில் அவளுக்குக் கண் தெரியாது. ரேடியோவில் சுந்தராம்பாள் பாட்டு வந்தால் மட்டும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். “சத்தத்தக் கூட்டுல” என்பாள். கூட்டுவதற்கே அவசியம் இருக்காது. இருந்தாலும் கூட்டுவேன்.

1980-ல் கே.பி.சுந்தராம்பாள் மறைந்தார். அவரும் கிட்டப்பாவும் மேடையில் தர்க்கம் செய்த ராத்திரிகளைக் கேட்டவர் எவரும் இன்று நம்மிடையே இருக்க வாய்ப்பில்லை. மிச்சம் இருப்பவை பொருட்கள்தான். பழுப்பேறிய நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், கீறல் விழுந்த இசைத்தட்டு, சட்டம் போட்ட ஒரு படம். செங்கோட்டை, தென்காசி, இலஞ்சி, குற்றாலம் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணில் இவை இன்னும் கிடக்கின்றன என்று நான் நம்புகிறேன். வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இப்படிப்பட்ட நோட்டீசையும் தட்டையும் தேடித் தேடிச் சேர்த்து வைத்ததில் உருவான இடம் அது. ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு அங்கே சேர்ப்பித்துவிடுங்கள்.